பொட்டு வைத்த கண்ணாடி

நாலு துண்டுக் கண்ணாடி. ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. என் ஆராய்ச்சிப் படிப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

கண்ணாடியில் துத்தநாக ஒட்சைட்டை மெல்லிசாகப் பூசி, ஒரு கரைசலுக்குள் குப்புறப் போட்டு, கொதிக்காத சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தால், அதன் மேல் நுண்ணிய கோல்கள் முளைத்து நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பனிக்காலத்தில் பஸ் கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். ஆனால் அதன் மேல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் கழியூதா ஒளி பட்டால் மின்சாரம் அதிகமாக ஓடும். ஒளியை உணரும் கருவி ஒன்றை அதை வைத்துச் செய்வதுதான் என் வேலை.

மின்வெட்டு நாட்டையே ஆட்டிய வருடம் அது. நடுவில் சூடு நின்றால் கோல்கள் கண்டபடி சாய்ந்துவிடும். வைப்பதும் கொட்டுவதுமாகவே மாதங்கள் போயின. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கடைசியில் ஒரு நாள் மின்சாரம் போகவேயில்லை. அன்று வளர்ந்தவைதான் இந்த நாலும். அதோடு ரசாயனம் தீர்ந்துவிட்டது. நாட்டில் டொலர் இல்லை, இனி எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். எனக்குத் தந்திருந்த கால நீடிப்பும் முடியப்போகிறது, இந்த முறை முடிவுகள் வராவிட்டால் பதிவு ரத்தாகிவிடும் என்று என் பேராசிரியை சொல்லிவிட்டார்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், அந்தக் கோல்களைப் பெரிதாக்கிக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு நாள் கிடைத்தது. அதற்குள் எரிபொருள் இல்லையென்று பல்கலைக்கழக விடுதியை மூடினார்கள். கண்ணாடிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தேன்.

அது மழைக்காலம். தகரம் ஒழுகாத இடம், எலி ஏறாத இடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடம் என்று பார்த்தால் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, சுவரில் அடித்த சாமித் தட்டு. டப்பாவை அங்கே வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையைக் கழற்றிக்கொண்டே சரியென்று தலையாட்டினார். அம்மா சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை.

புறப்படும் நாள் விடியற்காலையில் டப்பாவைத் திறந்தேன். நாலு கண்ணாடிக்கும் நடுவில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் வந்து நின்றார்.

"இதத் தொட்டீங்களாம்மா?"

"நான் எங்க புள்ள தொட்டேன்? பொட்டு மட்டுந்தான வெச்சேன். சாமிகிட்ட இருந்தத வெறுமனயா கொண்டு போறது?"

என் அடையாள அட்டைக்கு வைத்தார், பரீட்சை அனுமதி அட்டைக்கு வைத்தார், பல்கலைக்கழகக் கடிதத்துக்கும் வைத்தார். இதற்கு மட்டும் வைக்காமல் விடுவாரா? கத்த வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். டப்பாவை மூடிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தூள் ஒட்டிய எதையும் தன் இயந்திரத்துக்குள் வைக்கமாட்டேன் என்று கொழும்பில் அதை இயக்குபவர் சிங்களத்தில் சொன்னார். கெஞ்சினேன். தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொடுத்தேன். மனமிரங்கி ஒன்றை உள்ளே வைத்தார்.

ஓரத்தைத்தான் முதலில் காட்டினார். கோல்கள் நின்றன. ஒன்றுகூடச் சாயாமல், ஒரே உயரத்தில், திரை நிறைய நின்றன. நான் சரியாகத்தான் செய்திருந்தேன். அது தெரியாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நடுவுக்கு நகர்த்தினார். அங்கே எல்லாம் நசுங்கிக் கிடந்தது. இது என்ன, யாராவது விரலால் அழுத்தினார்களா என்று கேட்டார். ஆம் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

மின்சாரத்தை அளக்க வேண்டிய இடம் அந்த நடுதான். கழியூதா விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் மீட்டர் முள் அசையவில்லை. மற்ற மூன்றும் அப்படித்தான். மறுபடி நீடிப்புக் கிடைக்கவில்லை, பதிவு ரத்தானது. பேராசிரியை வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தால் ஒன்றும் முளைக்கவில்லை.

இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், தற்காலிகமாக. அந்தக் கண்ணாடி பாஸானதால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. என்னவென்று திருத்துவது?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டையுடன் வந்தாள். அம்மா சந்தனத்தைக் குழைத்து, கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த விரலால் அதன் மூலையில் வைத்தார்.

"நம்ம புள்ளைக்கும் இப்படித்தான் வெச்சு அனுப்புனேன். இல்லையா புள்ள?" என்று என் பக்கம் திரும்பினார்.

அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். ஆமாம்மா என்றேன்.