வீராயி நட்ட அலையாத்தி

1981 டிசம்பர் 6. மண்சட்டி ஐம்பது. ரூ. 15.00
1982 ஏப்ரல் 18. தள்ளுவண்டி வாடகை. ரூ. 2.00
1982 டிசம்பர் 12. மண்சட்டி ஐம்பது. ரூ. 17.50
1983 மார்ச் 27. தள்ளுவண்டி வாடகை. ரூ. 2.50
1983 ஜூலை 11. மனு, தபால் செலவு. ரூ. 1.50

தேங்காய்த்திட்டில் எனக்கு அடுத்த வீட்டிலிருந்த வீராயி சொல்ல, நான் குறித்து வைத்த செலவுகள் இவை. அவளுக்கு எழுதத் தெரியாது. கணவன் பாவாடைக்குப் பஞ்சாலையில் வேலை. ஒரே மகள் வசந்தா நான்கு வயதில், 1980 மே மாதம், வாந்திபேதியில் இறந்தாள். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று உறவினர்கள் தடுத்துவிட்டார்கள். குழந்தை கடைசிவரை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது. சிறு பிள்ளைகளை எரிக்கும் வழக்கம் இல்லாததால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் புதைத்தார்கள்.

அடுத்த மழைக்கே ஆறு அந்தக் கரையை அரிக்கத் தொடங்கியது. எதிர்க்கரையில் அலையாத்தி மரங்கள் அடர்ந்த இடத்தில் மண் அப்படியே நிற்பதை வீராயி பார்த்தாள். உதிர்ந்து மிதந்த விதைகளைப் பொறுக்கிச் சட்டிகளில் ஊன்றினாள். விரிசல் விட்ட ஒரு சட்டியை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டு, மற்றவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலையும் மாலையும் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீரை அவற்றுக்கு ஊற்றினாள்.

"மாடு திங்கிற தழைக்குக் கொழாத்தண்ணியா? ரேசன் கார்டுல பேர சேத்துடுடி" என்றாள் குழாயடியில் நின்ற குஞ்சம்மாள்.

"தண்ணி கேக்க அதுக்கு வாயில்லியே அக்கா" என்றாள் வீராயி. குஞ்சம்மாள் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

சித்திரையில் கொண்டுபோய் நட்டபோது கன்றுகள் பச்சைப்பசேலென்று இருந்தன. ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து நின்று, கழிமுகம் மிகவும் உப்பாக இருக்கும் மாதம் அது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் கருகின. விரிசல் சட்டியில் இருந்த கன்று மட்டும் நின்றது. கடல் ஓதம் ஏறும்போதெல்லாம் அது உப்புநீரில் நனைந்திருந்தது.

அலையாத்தி உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். உள்ளே வரும் உப்பில் கொஞ்சத்தை இலையில் வைத்துக்கொண்டு, மிஞ்சியதை இலை வழியே வெளியே தள்ளும். உள்ளேயும் உப்பு இருப்பதால்தான் உப்புச் சேற்றிலிருந்து அதனால் நீரை இழுக்க முடிகிறது. நல்ல தண்ணீரிலேயே வளர்ந்த கன்றுக்கு அந்த இருப்பு போதாது. திடீரென்று உப்பில் வைத்தால், தண்ணீருக்குள் நின்றுகொண்டே அது வாடிப்போகும்.

இதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறு வருடம் அவளே ஆற்றுநீரைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் முழுவதும் ஆற்றுநீரையே ஊற்றினாள். பங்குனியில் நட்ட கன்றுகள் பிழைத்தன. வெயில் ஏறியதும் இலைகளில் வெள்ளையாக உப்புப் படிந்தது. ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"வேணாங்கிறத வெளிய தள்ளிடுச்சி பாருங்க ஐயா" என்றாள். மகள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. வசந்தாவைப் புதைத்த குழிக்கும் ஆற்றுக்கும் நடுவே நாலு முழம்தான் மீதியிருந்தது. வேர் பிடித்து மண்ணைக் கட்ட இன்னும் ஒரு மழைக்காலமாவது கழிய வேண்டும். அதுவரை தாங்க, கரையில் கருங்கல் போடும்படி அவள் பெயரில் மனு எழுதி அனுப்பினேன்.

அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. மூன்றாம் நாள் காலை நாங்கள் மூவரும் போய்ப் பார்த்தோம். கன்றுகளோடு கரை போயிருந்தது. குழி இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. முதல் வருடக் கன்றுகள் பிழைத்திருந்தால் மண் நின்றிருக்குமோ என்னவோ. பாவாடை துண்டை வாயில் வைத்து அழுதான். வீராயி அழவில்லை.

"அது கேட்டுச்சி, குடுக்கல. இதுங்க கேக்கல, ஊத்தி ஊத்திக் கொன்னேன்" என்றாள்.

பொங்கலுக்கு முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு தவளக்குப்பம் பக்கம் போய்விட்டார்கள்.

கருங்கல் போட அனுமதி என்ற பதில் கடிதம், வீராயியின் பெயருக்கு, 1984 பிப்ரவரி 17 அன்று வந்தது.