சந்தனப் பொட்டு வைத்த எகிப்துக் கொப்பி

எண்பது வயதிலும் என்னைவிட வேகமாக மெட்ரோ படியேறுகிற பேராசிரியை அவர். பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தாள்களை ஸ்கேன் செய்வது என் வேலை, அங்கேதான் பழக்கமானோம். இங்கிருந்து எகிப்துக்கு அகழாய்வுக்குப் போன முதல் பெண்களில் ஒருவர். ஒரு கல்லறைச் சுவரின் எழுத்துகள் முழுவதையும் ஏணியில் நின்று பார்த்து வரைந்தவர் அவர். புத்தகம் மட்டும் குழுத் தலைவர் பெயரில் வந்தது. அதைக் கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது புதிய பதிப்பு வருகிறது. அவர் வரைந்ததற்கு ஆதாரம் தந்தால் அட்டையில் அவர் பெயரைப் போடுவதாகப் பதிப்பகத்தார் சொன்னார்கள். இருந்த ஒரே ஆதாரம், ஏணியில் நின்று அவர் வரைந்த அந்தப் பழைய கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம். நானே வடிவாகப் படமெடுத்து அனுப்புகிறேன் என்று துள்ளிக்கொண்டு ரொக்ஸ்பரோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் படம் போக வேண்டும்.

மறுநாள் சரஸ்வதி பூசை என்பதை நான் மறந்துபோனேன். என் மாமியார் மறக்கவில்லை. காலையில் எழும்பிப் பார்த்தால், பிள்ளைகளின் பிரெஞ்சுப் பாடப் புத்தகங்களுக்கு மேல் அந்தக் கொப்பி. அட்டையில் சந்தனப் பொட்டு, அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூ.

“மாமி, அது எனக்கு இண்டைக்கு வேணும்.”

“பூசையில வைச்சதை இண்டைக்குத் திறக்கேலாது பிள்ளை. நாளைக்கு விடியத்தான்.”

கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் பிடித்தேன். மாமி அசையவில்லை. பேராசிரியைக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். மூன்று மணிக்கு அவரே வந்துவிட்டார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பூவைப் பார்த்தபடி நின்றார். “இதற்கு இதுவரை யாரும் பூ வைத்ததில்லை. எடுக்க வேண்டாம்” என்றார் பிரெஞ்சில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஆர் இந்த மனுசி?” என்று மாமி கேட்டார்.

“அந்தக் கொப்பியை எழுதினவ.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே. வாசிக்கிற ஆக்கள்தான் இண்டைக்குத் திறக்கக்கூடாது. எழுதினவ எடுக்கலாம்.” மாமி இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

நான் மொழிபெயர்த்தேன். “நான்தான் எழுதினேன் என்பதற்கு இவருக்கு ஆதாரம் வேண்டாமா?” என்றார் பேராசிரியை.

“அவ அதைப் பாத்த பார்வையே காணும், வேற ஆதாரம் வேண்டாம்” என்றார் மாமி.

படம் போனபோது மணி நாலே முக்கால். புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு பேராசிரியை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது.

“இதில அவவின்ர பேர் எங்க?”

பேராசிரியை மாமியின் விரலைப் பிடித்து அட்டையில் தன் பெயரின்மேல் வைத்தார்.