அம்மா திட்டிய தண்ணீர்

எங்கள் அம்மா காலையில் எழுந்ததும் முதலில் திட்டுவது தண்ணீரைத்தான். அப்பாவுக்கும் எனக்கும் அதற்குப் பிறகுதான் முறை வரும். தாராவியில், கோலி என்று சொல்லும் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, ஒரு நீர்க்குழி இருந்தது. காடி என்று எல்லோரும் சொல்லும் உப்பங்கழி, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பொங்கி உள்ளே வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். எனக்கு ஐந்து வயதாயிருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், என் தங்கச்சி அதில் விழுந்து செத்துப்போனாள். மிதந்துகொண்டிருந்த டால்டா டின்னை எடுக்கப் போனாளாம். அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை.

பாத்திரம் விளக்கப் போகும் அம்மா, குழியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பாள். “ஏ மூதி, வயிறு நெறஞ்சுதா ஒனக்கு? பச்சப்புள்ளைய முழுங்கிட்டு என்ன பளபளப்பு வேண்டிக்கெடக்கு?”

பக்கத்துக் கோலிக்காரர்களுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நீர் வற்றிச் சேறு தெரியும் நாட்களில், எங்கே போய்த் தொலைந்தாய் என்று அதட்டுவாள். தோல் பதனிடும் கொட்டகைகளின் கழிவு கலந்து நிறம் மாறியிருந்தால், இன்றைக்கு யார் உன்மேல் இதைக் கொண்டுவந்து கொட்டியது என்று குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்பாள். ஊரிலிருந்து யாராவது கருப்பட்டி கொண்டுவந்தால் எனக்கு ஒரு துண்டு, குழிக்கு ஒரு துண்டு. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

டிராம்பேயில் கூலி வேலைக்குப் போய்வந்த அப்பாவுக்கு அது தண்ணீராகவே தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அது எட்டடிக்குப் பத்தடி இடம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வீடு பிடித்தார்கள். சதுப்பில் குப்பையும் இடிசலும் கொட்டி, மிதித்து மிதித்துத் தரையாக்கி, மேலே தகரத்தைப் போடுவார்கள். பர்னி போடுவது என்று அதற்குப் பேர். நாங்கள் குடியிருந்த கோலியே அப்படிப் பிறந்ததுதான். அப்பா இடத்துக்கு மட்டும் ஆசைப்பட்டார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். அம்மாவின் தம்பி, குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த மாமாவும் அதையேதான் சொன்னார்.

“தெனமும் அதப் பாத்துக்கிட்டே கெடந்தா அக்காவுக்கு எப்படி அத்தான் ஆறும்? மூடிருவோம்.”

அம்மாவைக் கேட்காமல் இல்லை. கேட்டார்கள். அவள் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாமா சாயங்காலங்களில் பட்டறையின் எரிந்த கரிக்கட்டிகளைக் கோணியில் சுமந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து கைவண்டி நிறையத் தேங்காய் மட்டையும் உடைந்த செங்கல்லும் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் எட்டு வயதுக்காரி நான் சுமந்த அளவுக்கு யார் சுமந்தார்கள்! பள்ளிக்கூடம் விட்டதும் அலுமினியச் சட்டியைத் தூக்கிவிடுவேன். அம்மா அந்தக் குழியோடு பேசுகிற நேரமெல்லாம் இனி எனக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சேற்றில் தாவும் குட்டி மீன்கள் வெயிலில் காய்ந்த கரிக்கட்டிமேல் ஏறி, சூடு தாங்காமல் தத்தளித்துத் திரும்ப நீரில் விழும். நான் அவற்றின் தலையிலேயே கொட்டினேன்.

அம்மா தடுக்கவில்லை. நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்துகொண்டிருந்த ஓரத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து பாத்திரம் விளக்கினாள். திட்டும் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வாரத்தில் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று மாமா அப்பாவிடம் கண்ணைக் காட்டினார்.

கடைசிச் சட்டியை நான்தான் கொட்டுவேன் என்று அடம்பிடித்துக் கொட்டினேன். அப்பா மண் போட்டு மிதித்து இறுக்கி, தகரத்தைப் போட்டு, அம்மாவை ஒரு விளக்கேற்றச் சொன்னார். ஏற்றினாள்.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போனதும் அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். புது அறையின் தகரச்சுவர் முகத்தில் இடிக்கிற மாதிரி நின்றது. பாத்திரங்களைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் பின்னாலேயே போயிருந்தேன்.

“ஏட்டி, இனிமே நான் ஆர வைய?” என்று கேட்டாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். “என்னைய வையும்மா,” என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். பாத்திரங்களை இடுப்புக்கு மாற்றி, ஒரு கையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டுத் தெருக்குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

அதன் பிறகு அம்மா யாரையும் திட்டவில்லை. ஒரு குடம் தண்ணீரைப் புதுத்தரையில் கவிழ்த்தேன், பேசாமல் துடைத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இரண்டு நாள் ஊர் சுற்றினேன், பேசாமல் சோறு போட்டாள். மாமா இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்துவிட்டு, அக்கா பழையபடி ஆகிவிட்டாள் என்று சந்தோஷமாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அப்பாவும் நிம்மதியாகத் தூங்கினார்.

குழாயடியில் மற்றப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களிடம் வாங்கிய வசவையும் அடியையும் சொல்லி அழும்போது, நான் குடத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, எங்கள் அம்மா என்னை ஒரு வார்த்தை வைய மாட்டாள் என்று பெருமை அடித்துக்கொள்வேன். அவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். கொடுத்துவைத்தவள் என்று ஒருத்தி சொன்னாள், நானும் ஆமாம் என்றேன்.