இருபத்திரண்டு பேரும் நிறுத்தும் இடம்

டில்லி போய்விட்டான்.

காலையில் அவன் தம்பி நாகலாபுரத்திலிருந்து போன் செய்து சொன்னான். அமெரிக்காவில், ஆஸ்பத்திரியில், நேற்றே...

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. திருப்பதியில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் ஆறு வருஷம் ஒன்றாக வாசித்தோம். அவன் டிரம்பெட், நான் கிளாரினெட்.

தங்கமானவன் என்றெல்லாம் எழுத வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவன்மேல் முப்பது வருஷப் பொறாமை.

கேபிள் டிவி வந்த புதிது. டில்லி ஒரு பாட்டை டிவியில் ஒரு தடவை கேட்டால் போதும், மறுநாள் ஊர்வலத்தில் வாசித்துவிடுவான். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் முக்குவேன்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். ஊர்வலம் சாவு வீட்டைத் தாண்டும்போது மாஸ்டர் கையைத் தூக்குவார், எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் மனசுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கணும். கை இறங்கியதும் நிறுத்திய இடத்திலிருந்து இல்லை, அதற்குள் பாட்டு எங்கே போயிருக்குமோ அங்கிருந்து எடுக்கணும்.

ஒருநாள் எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. மாஸ்டர் கை இன்னும் மேலேதான் இருக்கிறது... சாவு வீட்டு வாசலில் என் கிளாரினெட் மட்டும் கீச்சென்று கத்தியது.

அந்த வீட்டு அம்மா வெளியே வந்து "சிக்கு லேதா மீக்கு?", வெட்கமில்லையா என்று தெலுங்கில் மானத்தை வாங்கினார். மாஸ்டர் கிளாரினெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மாதம் ஜால்ரா போட வைத்தார்.

டில்லி மட்டும் சிரித்தான். "டேய், நீ தப்பா ஊதினியே, அது இன்னா சோக்கா இருந்திச்சி தெரியுமா!"

கிண்டல் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு துபாய் ஓட்டலுக்கு ஆள் எடுக்க ஏஜென்ட் வந்தார். டிரம்பெட் ஒன்று, கிளாரினெட் ஒன்று. இரண்டு பேரும் வாசித்துக் காட்டினோம். அவனை எடுத்தார்கள், என் இடத்துக்கு ஒரு கோவாக்காரர் போனார். நான் ஏர்பேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட்டுக்குச் சேர்ந்தேன்.

துபாயிலிருந்து அமெரிக்கா. போன வருஷம் சொந்தமாக ஒரு ஜாஸ் ஆல்பம். இருபத்திரண்டு பேர்! டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன், நடுவில் நம்ம ஊர் பம்பை. ஆளுக்கு ஒரு திக்கில் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், என்ன இது கண்றாவி என்று நினைக்கும்போது ஒன்றாக வந்து சேர்கிறார்கள்.

அதில் ஒரு இடம். இருபத்திரண்டு பேரும் சட்டென்று நிறுத்துகிறார்கள். நடக்கிற ஷூ சத்தம் மட்டும்... அப்போது ஒரே ஒரு கிளாரினெட் முந்திக்கொண்டு கத்துகிறது. அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பேரும் மேலே ஏறுகிறார்கள்.

அது என் தப்பு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் வாசிக்கிறான். என் தப்பைக்கூட என்னைவிட நன்றாக வாசிக்கிறான்.

"கேட்டியாடா?" என்று டில்லி மூன்று தடவை வாட்ஸ்அப்பில் கேட்டான்.

"டைமே இல்லடா, கேக்கறேன்" என்று மூன்று தடவையும் பொய் சொன்னேன்.

இன்று அவன் தம்பி சொல்கிறான். "நீ கேட்டியா இல்லியான்னு போன வாரம்கூட என்னாண்ட கேட்டுக்கினு இருந்தாருண்ணா. அவன் ஒருத்தன் சொன்னா போதும்னாரு."

போனை வைத்துவிட்டேன்.

டேய் டில்லி... நீ அனுப்பின அன்னிக்கே கேட்டுட்டேன்டா. தெனமும் கம்பெனி பஸ்ஸுல கேட்டுக்கினுதான் போறேன்.

போய் வாடா.