சிவப்புப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் ஒயர்

அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது மனைவியின் வேலை. வேலைகளைப் பேசிப் பிரித்துக்கொண்டபோது கணவர் தாராளமாகத்தான் இருந்தார். பெருக்குவது, துணி காயப்போடுவது, குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவது எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். தண்ணீரில் கை வைப்பது மட்டும் ஆகாது. கிடார் கம்பியை அழுத்தி அழுத்தி அவருடைய இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறினால் காய்ப்பு இளகிவிடும். காய்ப்பு இளகினால் டோன், அதாவது கிடாரின் நாதம், போய்விடும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு அவள் பூரித்துப்போனாள், ஒரு கலைஞருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று. அந்தப் பூரிப்பு வடிந்து வெகுகாலமாகிறது. பாத்திரம்தான் குறைந்தபாடில்லை.

கலைஞர் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?” என்று கேட்கிற உத்தியோகம். சில பேருக்கு எதைப் போட்டாலும் திருப்தி வராது. அவர்களுக்கென்று பவரே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார். அதைச் செருகியதும், “ஆங், இப்பதான் சார் பளிச்சுன்னு இருக்கு!” என்பார்கள். வீட்டுக்கு வந்து அவர்களைப்போலவே நடித்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

சாயங்காலமானால் மைத்துனனின் இசைக்குழுவில் கிடார். மனைவியின் தம்பிதான் குழுத் தலைவன், கீபோர்டும் அவனே. குழுவில் இவருக்கு ‘டோன்’ என்றே பெயர். காரணம், காலடியில் கிடக்கும் ஒரு சிவப்புப் பெட்டி. கிடாரின் சத்தத்தை வேறு மாதிரி மாற்றித் தருகிற எஃபெக்ட்ஸ் பெடல் என்பார்கள். கிடாரின் ஒயர் ஒரு பக்கம் நுழையும், ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஒயர் மறுபக்கம் கிளம்பும். நடுவிலிருக்கும் பொத்தானைக் காலால் மிதித்தால் ஒரு குட்டி விளக்கு எரியும். எரிந்தவுடன் டோன் கண்ணை மூடிக்கொள்வார். கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு கிடார்க்காரரிடமிருந்து வாங்கியது அது. உள்ளே டிரான்சிஸ்டர் என்கிற அந்தக் காலத்துச் சின்ன பார்ட் ஒன்று இருக்கிறதாம், இப்போது தேடினாலும் கிடைக்காதாம். பெட்டியை ஒருநாளும் டோன் திறந்ததில்லை, காற்றுப் பட்டால் சவுண்டு மாறிவிடுமே. பெட்டியின் குமிழ்களை யாரும் திருகிவிடக் கூடாதென்று மேலே செலோடேப் ஒட்டியிருந்தார். அவரும் திருகியதில்லை.

ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே மைத்துனன் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

“அத்தான், புது கீபோர்டுல எல்லா சவுண்டும் இருக்கு. கிடார் கூட இருக்கு. உங்க சிவப்புப் பெட்டி சவுண்டு ஒண்ணுதான் இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து அதைத் திறந்து பாக்கறேன். உள்ள என்ன பார்ட்டுன்னு தெரிஞ்சா அதையும் ஏத்திடுவேன்.”

“ஏத்திட்டு?”

“உங்களுக்கும் முதுகுவலி அத்தான். எவ்வளவு நாள்தான் தூக்கிட்டு அலைவீங்க? முன்வரிசையில ஜம்முன்னு உக்காந்து கேக்கலாம்ல.”

இவ்வளவு அக்கறையோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்ப அவனால் மட்டும்தான் முடியும். டோன் சிரித்து வைத்தார். அன்று அவர் பெருக்கிய குப்பை வெகுநேரம் ஒரே மூலையில் கிடந்தது. மேடை போய்விட்டால் அவர் யார்? இதுவா அதுவா என்று கேட்கிற ஆசாமி.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னுமாக சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அந்த அபூர்வ டிரான்சிஸ்டரைக் கழற்றி ஒளித்துவிட்டு, கடைத்தெருவில் கிடைக்கிற ஒன்றைப் பொருத்திவிடுவது திட்டம். மைத்துனன் அதைக் கட்டிக்கொண்டு அழட்டும். டார்ச் பிடிக்க மனைவியைக் கூப்பிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மூடி கழன்றது. வெளியிலிருந்தே மாற்றுகிற பேட்டரிக்குத் தனி அறை. உள்ளே பிஸ்கட் அளவுக்கு ஒரு பச்சைப் பலகை, அதில் நண்டுக்குஞ்சுகள்போல உட்கார்ந்திருக்கும் சில சாமான்கள். பலகையிலிருந்து சத்தத்தை வெளியே கொண்டுபோக வேண்டிய வெள்ளை ஒயர் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கியது. கிடார் ஒயர் நுழைகிற ஓட்டையிலிருந்து ஆம்ப்ளிஃபயர் ஒயர் கிளம்புகிற ஓட்டைக்கு நேராக ஒரு மஞ்சள் ஒயர் பற்றவைக்கப்பட்டிருந்தது. பழைய சொந்தக்காரர் என்றைக்கோ ஒரு அவசரத்தில், பலகை மக்கர் பண்ணியதால் அதை ஒதுக்கிவிட்டுக் குறுக்குவழி போட்டிருக்கிறார். பொத்தானை மிதித்தால் விளக்கு எரியும். அதோடு சரி. கிடார் சத்தம் பலகையின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், வந்த கையோடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

“அப்ப இந்தப் பச்சைப் பலகை?” என்று கேட்டாள் மனைவி.

“சும்மா.”

“குமிழு?”

“சும்மா.”

“லைட்டு?”

“அது மட்டும் எரியும்.”

டார்ச் லேசாகக் குலுங்கியது. சிரிப்பை அடக்கினால் கை ஆடத்தான் செய்யும்.

டோன் சட்டென்று மஞ்சள் ஒயரைத் துண்டித்து, வெள்ளை ஒயரை ஆம்ப்ளிஃபயர் ஒயர் கிளம்புகிற ஓட்டையில் பற்றவைத்தார். இனிதான் நிஜமான சவுண்டு! கிடாரைச் செருகி, பொத்தானை மிதித்து, கண்ணை மூடிக் கம்பியைத் தட்டினார். தகர டப்பாவுக்குள் குளவிக் கூட்டத்தை விட்டதுபோல் ஒரு இரைச்சல் கிளம்பியது.

“மிக்ஸியில தேங்காய் ஓடு விழுந்த மாதிரி இருக்குங்க,” என்றாள் அவள்.

அவருக்கும் அப்படித்தான் இருந்தது. மறுபடி வெள்ளையை எடுத்தார், மஞ்சளை ஒட்டினார். மிதித்தார். விளக்கு எரிந்தது. ஆகா, அந்த டோன்! மெய்யாகவே அவருக்குக் கேட்டது, பாவம். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

“பாத்தியா, எப்படி இருக்கு?”

அவள் பார்த்தாள். கேட்கவும் கேட்டாள். முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய தலைச்சாயப் பொட்டலம் காணாமல் போயிருந்தது. குழாய் ஒட்டுகிற இரட்டை டியூப் பசையும்.

மைத்துனன் வந்தான், மூடியைக் கழற்றினான், அப்படியே நின்றுவிட்டான். உள்ளே ஒயரும் இல்லை, பலகையும் இல்லை. விளிம்பு வரைக்கும் கறுகறுவென்று ஒரே கட்டி, கல்லாக இறுகிக் கிடந்தது. ரகசியத்தைக் காப்பாற்ற நினைக்கிற, பெடல் செய்கிறவர்கள் இப்படித்தான் பசை ஊற்றி மூடுவார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

“அடேங்கப்பா! இப்படிப் பூட்டி வச்சிருக்கான்னா உள்ள எப்பேர்ப்பட்ட சரக்கு இருக்கணும்!”

“நான்தான் சொன்னேனே மாப்ள,” என்றார் டோன் பணிவாக.

“உடைச்சா?”

“போச்சு. எல்லாம் சேந்து போயிடும்.”

மைத்துனன் குனிந்து முகர்ந்தான். “என்ன அத்தான், பியூட்டி பார்லர் வாசனை வருது?”

“அந்தக் காலத்துப் பசை. வாசனை லேசில போகாது.”

அக்கா நரைத்த வகிட்டை விரலால் நீவிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்தாள். தம்பி மூடியைப் பூட்டி, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான்.

“இது கீபோர்டுக்கு அடங்காது. அடுத்த கல்யாண வரவேற்புக் கச்சேரிக்கு நீங்களே வந்துடுங்க அத்தான். முதுகுக்கு வேணா ஒரு நாற்காலி போட்டுடறேன்.”

அவன் போனபின் டோன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் மேடை அவருக்குத்தான். பெட்டியைத் தரையில் வைத்து ஒரு மிதி மிதித்தார். கிடார் பக்கத்தில்கூட இல்லை. விளக்கு எரிந்தது. தலை தானாகவே லேசாக ஆடியது.

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். தலைச்சாயத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

“ஏங்க, கடையில அந்தப் பவர் இல்லாத கண்ணாடி வச்சிருக்கீங்களே, அதைப் போட்டுக்கிட்டு பளிச்சுன்னு இருக்குன்னு சொல்றவங்களுக்கு நிஜமாவே பளிச்சுன்னுதான் தெரியுமோ?”

டோன் பெட்டியை மறுபடி மிதித்து விளக்கை அணைத்தார். மேஜைமேல் காபி டம்ளர்கள் காய்ந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அடுக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.