தூக்கத்தில் நடக்கிறவளின் அக்கா

கண்ணாடிக் கடையில் அவளுக்குக் கோழித்தூக்கம் என்று பட்டப்பெயர். லென்ஸைப் பிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் சொக்கும், யாராவது ஒரு திருகாணியைக் கீழே போட்டால் போதும், துள்ளி நிமிர்வாள். "ராத்திரியெல்லாம் யாருக்கும்மா காவல் இருக்கே?" என்று முதலாளி கிண்டலடிப்பார். மனுஷன் விளையாட்டாகச் சொன்னது அப்படியே உண்மை என்று அவருக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரு தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். சின்னவளுக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கும் வழக்கம் பள்ளிக்கூட நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. வயசானால் தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றாள் அம்மா. அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குவதே அபூர்வம். கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சின்னவள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அதோடு பூட்டையும் விட்டார்கள். கடைசியில் பொறுப்பு அக்கா தலையில் வந்து விழுந்தது. அறை வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்க ஆரம்பித்தவள்தான், முப்பதை நெருங்கும்வரை அந்தப் பாயை நகர்த்தவில்லை. வெளியூரில் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு ஒரு வேலை வந்தது, போகவில்லை. தோழி கல்யாணத்துக்குப் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பொய்.

பொய் என்றதும் சொல்ல வேண்டும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் சின்னவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். "அக்கா, இப்பல்லாம் நான் எழுந்து போறதில்லையில்ல?" அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும்? "அது எப்பவோ நின்னு போச்சுடி" என்று சொல்லிவிட்டாள். சொன்னது ஒரு நாள் சந்தோஷத்துக்கு. ஆனால் மறுநாள் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அம்மாவும் நம்பினாள். வாசலில் படுப்பதற்குக் காற்று வருகிறது என்று ஒரு காரணம். உண்மை தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

இந்த நிலையில்தான் சின்னவள் குதித்துக்கொண்டு வந்தாள். மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் அமெரிக்காவில் படிக்க அவள் துறையிலிருந்து இரண்டு பேரை எடுத்திருந்தார்கள், அதில் அவள் ஒருத்தி. ஜனவரியில் போக வேண்டும். அம்மா அழுதே விட்டாள். அக்காவும் கட்டிக்கொண்டாள், முதுகைத் தட்டினாள். மனசுக்குள் ஒரு செமஸ்டருக்கு எத்தனை ராத்திரி என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம், எந்த ஊரில் விமானம் மாறுவது, விசா அதிகாரி என்ன கேட்பார் என்று சின்னவள் பேசிக்கொண்டே இருப்பாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே பஸ் ஓடுமாம். நம்ம ஊர் ஜனத்தைவிட அங்கே பிள்ளைகள் அதிகமாம். அக்கா காதில் இதெல்லாம் ஏறினால்தானே. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"ரூம் எப்படிடி? தரையிலயா, மாடியிலயா?"

"எட்டாவது மாடிக்கா! பிடிவாதமாக் கேட்டு வாங்கினேன். பெரிய ஜன்னல். பனி விழுறது அப்படியே தெரியுமாம்."

அக்காவுக்கு அந்த ஜன்னல்தான் கண்ணில் நின்றது. கூட யார் என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை, யாரோ ஒரு பெண் என்றாள் சின்னவள். யாரோ ஒரு பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்குவாள், சின்னவள் எழுந்து ஜன்னல் பக்கம் போவாள். இதை நினைத்துக்கொண்டே வேலை பார்த்ததில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டாள். அந்த மனுஷர் சாயந்திரமே திரும்பி வந்து, "படியெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதும்மா, விழுந்திருப்பேன்" என்றார். சாதாரணமாக இதற்குக் கடையே சிரித்திருக்கும். அவளுக்கு விழுந்திருப்பேன் என்ற ஒரு வார்த்தைதான் கேட்டது. பின்னறைக்குப் போய் அழுதாள்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். சொன்னால் பயணம் நின்றுவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் நடக்கப்போவதை நினைத்து அதைவிடப் பெரிய பயம். இப்படியே தள்ளிக்கொண்டு போனாள், ஏதோ அந்த ஜனவரி வராமலே இருந்துவிடும் என்பதுபோல.

கோட்டு வாங்கப் போன இடத்தில் குட்டு உடைந்துவிட்டது. பழைய கம்பளி உடுப்புகள் விற்கும் சின்னக் கடை. சின்னவள் முழங்கால்வரை தொங்கும் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதப் போட்டா எந்தக் குளிரும் அண்டாது பாப்பா, பனியிலயே படுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"தூக்கத்துல எழுந்து போறப்ப கோட்டு போட்டுக்க மாட்டியே" என்றாள் அக்கா. அவள் வாய்தான் சொன்னது, அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

சின்னவள் சிரித்தாள். "அதுதான் எப்பவோ நின்னு போச்சே?"

"நிக்கலடி."

"கடைசியா எப்போ?"

"போன வாரம். கேட் வரைக்கும் போயிட்டே."

கடைக்காரர் நாகரிகம் தெரிந்தவர், உள்ளே போய்விட்டார். சின்னவள் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றாள். முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிருந்தது. "நான் உன்னை நம்பித்தானே எட்டாவது மாடி கேட்டேன்?" என்றாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, "நான் போகக் கூடாதுன்னுதானே இப்ப சொல்றே?"

இல்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை. உள்ளே ஒரு மூலையில் அந்த ஆசையும் இருந்தது என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் அம்மா அக்காவைத்தான் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாள் மூடி வச்ச வாயை இன்னும் கொஞ்ச நாள் மூடி வச்சா என்ன? இனி யாருக்கும் இது தெரியக் கூடாது, ஆமா!" சின்னவள் இருவரிடமும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அமெரிக்காவில் விடுதியைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டாள் பெண்.

பதில் வரும்வரை அந்த வீட்டில் எவருக்கும் சோறு இறங்கவில்லை. வா என்று சொல்லிவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயம். வேலையில் இருக்கும்போது போன் அடித்தால் லென்ஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சின்னவள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பதில் வந்திருக்கு." நான்கு வரிதான். முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி. தரைத்தளத்தில் தனி அறை மாற்றித் தருகிறோம், ஜன்னல் பாதிதான் திறக்கும். கதவைத் திறந்தால் மணி அடிக்கும், இரவுப் பணியில் இருப்பவர் வருவார். மணி அடித்தால் வேறு யாருக்காவது தகவல் போக வேண்டுமா?

அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஒரு குடும்பமே தொண்டைக்குள் வைத்து விழுங்கிக்கொண்டிருந்த விஷயத்தை, முகம் தெரியாத யாரோ குழாய் ரிப்பேர் மாதிரி முடித்து அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என் நம்பரைக் குடு" என்றாள் அக்கா அவசரமாக. "அங்க ராத்திரின்னா இங்க பகல்தானே? நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். கடையில சொல்லிடறேன்."

"வேண்டாம். நான் பனியில நிக்கிறேன்னு கேட்டு நீ இங்கேருந்து என்ன பண்ணுவே?"

உண்மையிலேயே என்ன பண்ணுவாள்? அந்த நிமிஷத்தில்தான் பயம் முழுசாக வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை.

"வர்றவர் என்ன செய்யணும்னு வேணா சொல்லு" என்றாள் சின்னவள். "எழுதி அனுப்பறேன்."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பயந்துடுவே. லைட்டப் போடக் கூடாது. பக்கத்துல வந்து முழங்கையப் பிடிக்கணும், மெதுவா. எடுத்ததும் இழுக்கக் கூடாது, அழுவே. நீ போற பக்கமே கூட நாலு அடி நடக்கணும். அப்புறமாத்தான் திருப்பணும். திருப்பினா வந்துடுவே, பேசாம வந்துடுவே."

சின்னவள் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் தட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி தட்டினாள். "அப்புறம்?"

"படுக்க வச்சதும் ஈரத்துணியால காலைத் துடைச்சு விடணும். மண்ணு இருந்தா காலையில பார்த்துட்டு நீ வருத்தப்படுவே."

தட்டுவது நின்றது. சின்னவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

"அதை எழுத வேண்டாம்" என்றாள். "அதெல்லாம் அங்க யாரும் பண்ண மாட்டாங்கக்கா."