எஞ்சினுக்கு அழுக்கு அடித்த சாரல் காலம்

1963ஆம் ஆண்டு ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் விழுந்து, ஊர் ஊராக ஜனங்கள் உடம்பு அழுக்கைக் கழுவ அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே வாரத்தில் நான் அழுக்குப் பூசக் கற்றுக்கொள்வதற்காகத் தென்காசி பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் படியேறினேன். ஆண்டும் மாதமும் சரிதான். எதற்கும் தேதி போட்டுவைப்பது என் பழக்கம். தேங்காய் எண்ணெய் டின்னின் மூடியில்கூட வாங்கிய நாளை எழுதுவேன். என் மனைவி அதைப் பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரித்ததுண்டு.

அழுக்குப் பூச வேண்டியது ஒரு ரயிலுக்கு. ஒரு முழ நீளத்தில் ஒரு எஞ்சின், அதன் பின்னால் சரக்கு வேகன்கள். பிஸ்கட் டின் தகட்டிலும் தேக்குத் துண்டுகளிலும் நானே செய்தது. தண்டவாளம் குடைக்கம்பி. வீட்டின் பின்னறையில் இரண்டு சுவர்களை ஒட்டிப் பலகை அடித்து அதன்மேல் ஓடவிட்டிருந்தேன். ஓடும் என்றால் தள்ளினால் ஓடும். தாலுகா ஆபீசில் கோப்புகளோடு கழிந்த பகலுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே ராஜ்யம் அந்தப் பலகைதான்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. என் மாமனார் செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கொல்லம் போகும் வண்டியில் எஞ்சின் டிரைவர். மாமியார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆவணியில் அவர் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து இருப்பதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் அவருக்குக் கொடுக்க இருந்தது பின்னறை ஒன்றே.

அந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது அவர் என் ரயிலைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். புதுப் பெயின்ட்டில் எஞ்சின் பளபளவென்று அவர் முகத்தையே காட்டியது.

"நல்லா இருக்கு மாப்ள," என்றார். "பேரன் பொறந்தா வெளையாடட்டும்."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் உறுத்தியது. என் மனைவி நியாயமானவள். அவள்தான் ஒரு தீர்வு சொன்னாள்.

"அப்பா வரட்டும். வந்து பாத்து, இது வண்டிதான்னு சொல்லிட்டாவன்னா பலக அங்கனயே இருக்கட்டும். வெளையாட்டுச் சொப்புன்னு சொன்னாவன்னா எல்லாத்தையும் பரண்ல ஏத்திரணும். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

என் வண்டி ஏன் சொப்பு மாதிரி இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. குற்றாலத்தில் சீசனுக்குத் தங்கிப்போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற பத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்திருந்தன. அவற்றில் ஒன்றில் மாதிரி ரயில்களை அசல்போலக் காட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை. விஷயம் இதுதான்: புதிதாக இருப்பதெல்லாம் பொம்மை. வெயில், மழை, புகை, துரு எல்லாம் பட்ட மாதிரி மேலே மெல்லிசாகப் பூச வேண்டும். தூரிகையால் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும். காற்றால் பெயின்ட்டைப் பனிபோலத் தூவும் ஏர்பிரஷ் வேண்டும். பேனா பருமனில், தலையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு இருக்கும் அந்தக் கருவி தென்காசியில் எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் இருந்தது. அவர் ஸ்டுடியோ வைத்திருந்த பாய். என் வயதுக்காரர், பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சு.

அவருடைய பிழைப்பே அழுக்கெடுப்பதுதான். மாப்பிள்ளைப் படங்களில் அம்மைத் தழும்பை நீக்குவார். இறந்துபோனவர்களின் பெரிய படங்களில், பின்னால் தெரியும் கதவையும் அண்டாவையும் ஏர்பிரஷால் மறைத்து மேகம் வைப்பார். தென்காசியில் பாதிப் பேர் அவர் வைத்த மேகத்தில்தான் இன்னும் இருக்கிறார்கள். அவரிடம் போய் என் தேவையைச் சொன்னேன்.

"வேய், ஒமக்கு நல்லாத்தான இருக்கு?" என்றார். "நாலு தெரு ஆளும் மூஞ்சியத் தொடைக்கச் சொல்லி எங்கிட்ட வருதாவ. நீரு புது எஞ்சின்ல கரியப் பூசச் சொல்லுதீரு."

"அசல் எஞ்சின்ல கரி இருக்குல்லா பாய்?"

"அசல் மாப்பிள்ள மூஞ்சில தழும்பு இருக்கு. அத அப்படியே விட்டா எவன் பொண்ணு குடுப்பான்?"

"எனக்குப் பொண்ணு வேண்டாம். பொண்ணக் குடுத்தவருதான் வாராரு. அவருக்குத்தான் இது."

நிலைமையை முழுவதும் சொன்னபின் பாய் இளகினார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகைக்குப் பிறகு ஸ்டுடியோ மூடியிருக்கும். அந்த நேரத்தில் என் வீட்டுப் பின்முற்றத்துக்கே கருவியோடு வருவதாக ஒப்புக்கொண்டார். நானும் வெள்ளிக்கிழமைகளில் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டேன்.

ஏர்பிரஷுக்குக் காற்று வேண்டும். புளியங்குடியில் எலுமிச்சம்பழம் ஏற்றும் லாரி ஒன்றிலிருந்து கழித்துப்போட்ட பழைய டியூப் ஒன்றை அவர் வைத்திருந்தார். சைக்கிள் பம்ப்பால் அதில் காற்றடித்து, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியே கருவிக்குக் காற்று வரும். அடிக்க அடிக்க டியூப் தளரும். தளர்ந்தால் பெயின்ட் பனியாக வராமல் எச்சில்போலத் துப்பும். அதற்கு பாய் கண்டுபிடித்திருந்த வழி டியூபின்மேல் உட்கார்ந்துகொள்வது. கனத்த சரீரம். காற்று ஒரே சீராக வந்தது. நான் வேலை செய்யும் நேரமெல்லாம் அவர் முற்றத்தின் நடுவில் கறுப்பு டியூபின்மேல், கையில் டீ கிளாசோடு, மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருப்பார். என் மனைவி முற்றத்துப் பக்கம் வரும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

முதல் பாடங்கள் பழைய செய்தித்தாளில் நடந்தன. விரலால் பித்தானை அமுக்கினால் காற்று. பின்னால் இழுத்தால் பெயின்ட். இரண்டையும் ஒரே விரல் செய்ய வேண்டும். பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். தண்ணியாக இருந்து பக்கத்தில் பிடித்தால், அது தாளில் விழுந்து நாலாபக்கமும் கால் பரப்பி ஓடும். நான் எத்தனையோ மந்திரிகளின் முகத்தில் சிலந்தி விட்டேன்.

"வேய், கைய நிப்பாட்டாதீரும். அடிக்கதுக்கு முன்னாலயே கை ஓடணும், அடிச்ச பொறவும் ஓடணும். நடுவுல காத்து வந்துட்டுப் போவும், அம்புட்டுதான். நீரு என்ன, கையெழுத்துப் போடுத மாதிரி நின்னு நிதானிக்கீரு?"

தாலுகா ஆபீஸ் கை. பழக நாளானது.

அடிக்கத் தெரிந்தபின், எதை எங்கே அடிப்பது என்று பார்க்க ஸ்டேஷனுக்குப் போனேன். சரக்குக் கொட்டகைப் பக்கம் நின்ற வேகன்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து குறித்துக்கொண்டேன். அழுக்குக்கு ஒரு திசை உண்டு என்று அன்றுதான் கண்டேன். புகைக்கரி மேலிருந்து இறங்குகிறது. சக்கரத்திலிருந்து பழுப்புத் தூசி மேலேறுகிறது. ஆணித் தலைகளிலிருந்து மழை துருவைக் கீழே இழுத்துக் கோடு போடுகிறது. கதவுக் கைப்பிடியில் மட்டும் அழுக்கு இல்லை. கைகள் தேய்த்துத் தேய்த்து அது வெள்ளியாக மின்னியது.

ஒரு போர்ட்டர் வந்தார். "சார் எதையும் தொலச்சிட்டியளா?"

"இல்ல. வேகன்ல எங்கெங்க அழுக்கு இருக்குன்னு பாக்கேன்."

அவர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். கொட்டகைக்குள் வேகமாகப் போனார். விட்டதைக் குறிக்க மறுநாள் போனபோது வேகன்கள் ஈரமாக நின்றன. வாளியும் தென்னந்துடைப்பமும் பக்கத்தில் கிடந்தன.

"கழுவிட்டோம் சார்," என்றார் அதே போர்ட்டர். "மேல எதும் ரிப்போட்டு எழுதிராதிய."

நான் கடைசிவரை குறிக்காமல் விட்டது வேகன் கூரை. அதைக் கற்பனையில்தான் அடித்தேன்.

ஆடி பிறந்தது. பாய் இப்போது என்னை என் எஞ்சினிலேயே அடிக்க அனுமதித்தார். அடிநிறத்துக்குக் காருக்கு அடிக்கும் பெயின்ட்டும் தின்னரும் வாங்கியிருந்தோம். பளபளப்பான கறுப்பின்மேல் மங்கலான கறுப்பை அடித்தேன். அழகாக விழுந்தது. பாய் டியூபின்மேல் இருந்தபடியே தலையாட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் வெளுக்கத் தொடங்கியது. பாய்லர் முழுவதும் பால் கொட்டியதுபோல ஒரு வெண்மூட்டம்.

"மேகம்," என்றேன் நான்.

"நான் வைக்கல வே," என்றார் பாய்.

சாரல்தான் வைத்தது. மேற்கே மலை தெரியாமல் மூடியிருந்தது, காற்றே ஈரம். தின்னர் ஆவியாகும் வேகத்தில் பெயின்ட் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. அந்தப் பத்திரிகையில் இது இல்லை. அதை எழுதியவர் ஊரிலும் மழை பெய்யும்தான். ஆனால் அவர் கணப்பு அருகில் உட்கார்ந்து அடித்திருப்பார். நாங்கள் முற்றத்தில், தூறலுக்குக் குடை பிடித்து அடித்துக்கொண்டிருந்தோம்.

வெயில் வந்த ஒரு நாளில் வெறும் தின்னரை மேலே தூவினேன். மூட்டம் கரைந்தது. ஆனால் பாய்லரின் ஒரு பக்கத்தில், தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில், கொஞ்சம் வெள்ளையை அப்படியே விட்டேன். அசல் எஞ்சினில் அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து சுண்ணாம்பு படிந்திருக்கும். சாரல் அதை எனக்குச் சும்மா போட்டுக் கொடுத்திருந்தது. அதற்குமேல் கடைசிப் பூச்சாக, சிமினி விளக்கிலிருந்து வழித்த கரியை டர்பென்டைனில் கலந்து, புகைபோக்கியிலிருந்து பின்பக்கம் வரை மெல்லிசாகத் தூவினேன். வேகன்களுக்குத் துருவும் தூசியும்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று முடிந்தது. பாய் எழுந்து வந்து பலகைக்குச் சமமாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கரியப் பாத்தாலே இருமல் வருது வே," என்றார். அவர் கொடுத்த ஒரே நற்சான்று அது.

மாமா ஆவணியில் வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, பழைய நூல்கழிவு திணித்த ஒரு துணிப்பை. எஞ்சின் துடைக்கிற அந்த நூல்கழிவு இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. பெட்டியைப் பின்னறையில் வைக்கப் போனார். என் மனைவி காப்பி போட்டாள். நான் வாசலில் நின்று, காதைப் பின்னறையில் வைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. காப்பி ஆறியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் உள்ளே போனோம்.

மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, துண்டின்மேல் எஞ்சின். பிரஷ் கழுவ நான் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் புட்டி திறந்திருந்தது. நூல்கழிவை அதில் தொட்டுத் தொட்டு, புகைபோக்கியிலிருந்து தொடங்கி, பாய்லரின் பாதிவரை துடைத்து வந்திருந்தார். என் இரண்டு மாத உழைப்பு அவர் கையில் கரியாக இருந்தது.

"மாமா," என்றேன்.

"யாருகிட்டருந்து சார்ஜ் எடுத்திய மாப்ள இந்த எஞ்சின?" நிமிராமலே கேட்டார். "இந்தக் கோலத்துலயா ஷெட்ட விட்டு வெளிய எடுக்கது? என் சர்வீஸ்ல ஒருநா இப்படிப் போனதில்ல."

"அழுக்கு நான் அடிச்சது மாமா."

"அடிச்சா தொடைக்கணும்லா."

என் மனைவிக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. "எப்பா, இது வண்டியா, சொப்பா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். என்ன கேள்வி இது என்பதுபோல மகளைப் பார்த்தார். "ஏட்டி, மண்ணெண்ண பத்தாது. இன்னும் கொஞ்சம் கொண்டா."

அவள் போய்க் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது என் பக்கம் திரும்பி, பரண் இருக்கும் திசையைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள்.

துடைத்து முடித்து எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். கரி போயிருந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. ஆணித் தலைகளைச் சுற்றியும் தகடு தகட்டோடு சேரும் மூலைகளிலும் மெல்லிய கறுப்புக் கோடாக நின்றுவிட்டது. பொங்கலுக்குப் பார்த்த பளபளப்பு இல்லை இது. ஒருவர் தினமும் துடைத்துவைக்கும் எஞ்சினின் பளபளப்பு. பின்னால் துருவேறிய வேகன்கள் அப்படியே இருந்தன.

"வேகன் மாமா?" என்றேன்.

"அது என் சோலி இல்ல," என்றார்.

அடுத்த வெள்ளி பாய் கேமராவோடு வந்தார். எஞ்சினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கா வே ரெண்டு மாசமா என்னிய டியூப்ல உக்கார வச்சீரு?"

எடுத்த படத்தின் பின்பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டில்தான் கிழக்குச் சுவருக்கு மாறியது, படுத்தபடியே எஞ்சின் தெரியும்படி. வெள்ளிக்கிழமைகளில் நான் அடிப்பேன். சனிக்கிழமை காலை மாமா துடைப்பார். ஐப்பசியில் பாய்க்குக் கல்யாணப் படங்கள் குவிந்து, கருவியை மட்டும் கொடுத்தனுப்பத் தொடங்கியபோது, டியூபின்மேல் உட்காரும் பொறுப்பும் மாமாவுக்கே வந்தது. பாயைவிட ஒல்லி, ஆனாலும் அசையாமல் உட்காருவார்.

"மாப்ள," என்றார் ஒரு வெள்ளிக்கிழமை, டியூபின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டே. "இந்தத் தடவ கொஞ்சம் கெட்டியா அடிங்க. போன வாரம் ரெண்டே தொடப்புல போயிட்டு."